பூநகரிக் கோட்டையில் ஆனிச் சூரியோதயம்: படம் எடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விடியற்காலைப் படத்துக்கு எந்த மாதமும் சரிதானே, ஏன் ஆனியைத் தெரிய வேண்டும்?

கோட்டையின் வடக்குச் சுவர்களுக்காகத்தான். வன்னியில் மார்கழிச் சூரியன் கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே விலகி உதிக்கிறது. ஆனியில் அதே அளவு வடக்கே விலகி உதிக்கிறது. இரண்டு எல்லைக்கும் இடையே 48 பாகை. கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால், ஏறத்தாழ ஐந்து முட்டி அகலம். ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக 66 பாகையில் எழும்புகிறது. மார்கழி முழுவதும் ஒரு கீற்று வெயிலும் படாமல் கிடந்த வடக்கு முகத்தில் அப்போது ஒளி பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். ஆண்டில் வேறெந்த நாளிலும் அந்தச் சுவர் இவ்வளவு நேராக விடியற்கால ஒளியைக் காணாது.

நண்பகலிலும் இதைக் கவனிக்கலாம். ஏப்ரல் நடுப்பகுதியில், வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. அதன் பிறகு ஓகஸ்ட் இறுதிவரை மதியச் சூரியன் நமக்கு வடக்கேதான். ஜூன் 21 மதியம் பூநகரியில் ஒரு தடியை நட்டுப் பாருங்கள், நிழல் தெற்கே விழும்.

பஞ்சாங்கத்தில் தட்சிணாயனம் ஆடி முதலாம் திகதிதானே தொடங்குகிறது?

ஆம், வழக்கில் அப்படித்தான். வானத்தில் சூரியன் தெற்கே திரும்புவது ஜூன் 21 அளவில், அதாவது ஆனி 7ஐ ஒட்டி. இரண்டுக்கும் இடையே மூன்றரைக் கிழமை வித்தியாசம் இருக்கிறது. படத்துக்கு வானத்துக் கணக்கையே எடுங்கள்.

ஜூன் 21 தவறினால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்கவும் வேண்டாம். திரும்புமிடத்தில் சூரியன் மெல்லத்தான் நகரும். ஜூன் 11 முதல் ஜூலை 1 வரை உதிக்கும் இடம் ஒரு சூரிய அகலத்துக்கும் குறைவாகவே மாறுகிறது. முகில் மூடினால் அடுத்த நாளும் அதே இடத்தில் அதே படத்துக்கு நிற்கலாம். பங்குனியில் இது நடக்காது. அந்த மாதத்தில் ஒரு நாளைக்கு 0.4 பாகை நகர்ந்துவிடும், இன்று பொருந்திய இடம் நாளை மறுநாள் பொருந்தாது.

ஜூன் 21இல் சரியாக எத்தனை மணிக்கு உதிக்கும்?

பூநகரியில் காலை 5.51. மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊரில் 5.53. முல்லைத்தீவுக் கடற்கரையில் 5.49. இவை மறைப்பில்லாத தட்டையான அடிவானத்துக்கான கணக்கு. பனையும் பற்றையும் நிற்கும் இடத்தில் எவ்வளவு பிந்தும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

ஆண்டில் மிக முந்திய உதயம் ஜூன் 21 இல்லை. மே மாதக் கடைசியில் பூநகரியில் 5.48க்கே உதித்துவிடும். பகல் நீளம் மிகக் கூடிய நாளும் உதயம் மிக முந்திய நாளும் ஒன்றல்ல.

வானம் வெளுக்கும் ஒழுங்கு இது: 5.01 அளவில் கிழக்கில் மெல்லிய சாம்பல் தெரியும். 5.28க்கு ரோச் லைற் இல்லாமல் காலடி தெரியும். 5.51க்கு விளிம்பு எட்டிப் பார்க்கும். அதன் பிறகு முழு வட்டமும் வெளியே வர இரண்டே கால் நிமிடம் போதும். பொன்னிற ஒளி 6.18 வரை. அதற்குப் பின் வெயில் வெள்ளையாகிவிடும்.

சூரியன் வருமுன் வானம் நீலமாக நிற்கும் நீல நேரம் ஒரு மணித்தியாலம் இருக்கும் என்று யூடியூப்பில் சொல்கிறார்கள். இங்கே ஏன் கிடைப்பதில்லை?

அவை பெரும்பாலும் ஐரோப்பாவில் எடுத்தவை. அங்கே சூரியன் அடிவானத்தைச் சரிவாகக் கீறிக்கொண்டு மெல்ல ஏறும். இங்கே நிமிர்த்தி நட்ட மரம்போல, செங்குத்திலிருந்து 10 பாகை மாத்திரம் வலப்பக்கம் சாய்ந்து மேலே போகும். நாலரை நிமிடத்துக்கு ஒரு பாகை. அடிவானத்துக்கு 6 பாகை கீழே இருக்கும் சூரியன் இங்கே 23 நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறது. கோடை நடுவில் இங்கிலாந்தில் அதற்கு முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும்.

ஆகவே அந்த நேரக் கணக்கை வைத்து வெளிக்கிட்டால் பிந்திப் போவீர்கள். கோட்டை வாசலில் 5 மணிக்கு நிற்பதென்று முடிவெடுங்கள். 5.05க்கு ட்ரைபொட் நிமிர்ந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் போல, இந்தக் கோட்டையும் சூரியன் பார்த்துக் கட்டப்பட்டதா?

இல்லை. ஸ்டோன்ஹெஞ்சின் அச்சு கோடை நடுச் சூரியோதயத்தைப் பார்த்து அமைந்தது, அங்கே சூரியன் வடக்கிலிருந்து ஏறத்தாழ 50 பாகையில் உதிக்கும். பூநகரிக் கோட்டையைப் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்துக்கான வழியைக் காக்கக் கட்டினார்கள். ஒல்லாந்தர் 1770இல் அதை விரித்தார்கள். சதுரம், ஒவ்வொரு மதிலும் சுமார் 30 மீற்றர், எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளம். பீரங்கிக்கும் காவலுக்கும் வகுத்த வடிவம் அது. சூரியன் எந்த வெடிப்பினூடாகத் தெரியும் என்பதை நீங்கள்தான் நடந்து கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தேடலைச் செய்தவருக்குத்தான் படம் அமையும்.

முதல் நாள் போய் என்ன பார்க்க வேண்டும்?

பின்னேரம் நாலரைக்குப் போங்கள், வெளிச்சம் இருக்கும்போதே. பரந்தன் சந்தியில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பினால் பூநகரி ஏறத்தாழ 25 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்கு 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் கிட்டிய வழி.

கோட்டையை ஒருமுறை சுற்றி நடந்து ஒவ்வொரு முகமும் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று திசைகாட்டியில் பார்த்துக் குறியுங்கள். பிறகு மதிலுக்கு மேற்கே, சற்றுத் தெற்காக, 60 மீற்றர் விலகி நின்று 66 பாகைப் பக்கம் திரும்புங்கள். மதிலுக்கு மேலே, மதிலுக்குப் பின்னே என்ன நிற்கிறது? பனையா, மின்கம்பமா, தொலைபேசிக் கோபுரமா? ஒரு கம்பி குறுக்கே போனால் இருட்டில் தெரியாது, படத்தில் மாத்திரம் தெரியும்.

அடுத்து உயரம். கையை முழுக்க நீட்டினால் பொத்திய முட்டி 10 பாகை, பெருவிரல் அகலம் 2 பாகை. அடிவானத்துக்கு மேலே மறைப்பு எத்தனை விரல் என்று எண்ணுங்கள். ஒரு பெருவிரலுக்கு 9 நிமிடம், ஒரு முட்டிக்கு 44 நிமிடம் கூட்டுங்கள். 300 மீற்றர் தூரத்தில் 15 மீற்றர் உயரப் பனை வரிசை நின்றால் அது ஏறத்தாழ 3 பாகை, அதாவது 13 நிமிடம். சூரியன் உங்களுக்கு 5.51க்கு இல்லை, 6.04க்குத்தான் தெரியும். அதற்குள் செம்மை குறைந்துவிடும்.

மதிலே பெரிய மறைப்பு. மதிலுக்குக் கிட்ட நிற்க நிற்கச் சூரியன் பிந்தும். ஆகவே உயர்ந்த பாகத்தைத் தவிர்த்து, இடிந்து தாழ்ந்த பாகத்தையோ திறந்த வாசலையோ நோக்கி இடம் தெரியுங்கள். தெரிந்த இடத்தில் நாலு சிறு கல்லைச் சேர்த்து வையுங்கள். மதிலிலிருந்து விழுந்த கல் வேண்டாம், வெளியிலிருந்து எடுத்த கல். படம் முடிந்ததும் அதை எடுத்துவிடுங்கள்.

போன் திசைகாட்டியை நம்பலாமா?

ஒரு பாகைக்கு நம்ப முடியாது. காந்த ஊசி இங்கே உண்மை வடக்கிலிருந்து சுமார் 2 பாகை மேற்கே சாய்ந்திருக்கும். போனில் உண்மை வடக்கு என்ற தெரிவை இயக்கினால் அது தானே கழித்துக்கொள்ளும். சாதாரணத் திசைகாட்டி என்றால் 66க்குப் பதில் 68 பாருங்கள். வாகனத்திலிருந்தும் ட்ரைபொட்டிலிருந்தும் விலகி நின்று, போனை எட்டு வடிவில் சுழற்றிய பின் பாருங்கள். காந்த மூடியுள்ள உறையைக் கழற்றுங்கள். பலர் பத்துப் பாகை பிழைப்பது அந்த உறையால்தான்.

திசைகாட்டியை விட உறுதியான வழி ஒன்று உண்டு. முதல் நாட் காலை வெறுங்கையோடு வந்து உதயத்தை ஒருமுறை பாருங்கள். சூரியன் எந்தப் பனைக்கு மேலே வந்தது என்று கண்ட பிறகு கணக்கே தேவையில்லை.

மதிலின் வெடிப்பிலோ துவாரத்திலோ சூரியன் சரியாக அமர எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?

ஒரு பொருளின் அகலத்தை 109ஆல் பெருக்குங்கள். அந்தத் தூரத்தில் நின்றால் பொருளும் சூரியனும் ஒரே அளவாகத் தெரியும். அரை மீற்றர் அகல வெடிப்பு என்றால் 55 மீற்றர். ஒரு மீற்றர் வாசல் என்றால் 109 மீற்றர். கிட்டப் போனால் துவாரம் பெரிதாகி நடுவில் சூரியன் சிறு பொட்டாக நிற்கும். தூரப் போனால் துவாரம் சூரியனை விடச் சிறுத்துவிடும். பொட்டாக நிற்பதும் அழகுதான். ஒளி கற்றையாக விரிய வேண்டுமென்றால் துவாரத்தின் விளிம்பில் சூரியன் பாதி மறைந்து நிற்க வேண்டும்.

இடம் பிழைத்தால் திருத்த ஓரடி போதும். 100 மீற்றர் தூரத்தில் காலடி ஒன்று (ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர்) எடுத்து வைத்தால் சூரியன் 0.4 பாகை, கிட்டத்தட்டத் தன் அகலத்தின் முக்கால் பங்கு விலகித் தெரியும். சூரியன் துவாரத்துக்கு இடப்பக்கம் நின்றால் நீங்கள் வலப்பக்கம் நகருங்கள். வலப்பக்கம் நின்றால் இடப்பக்கம். பதற்றத்தில் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஆகவே முதல் நாளே ஒரு தெருவிளக்கை வைத்துப் பழகிவிடுங்கள். சூரியன் ஏற ஏற வலப்பக்கம் சாயும் என்பதால், எதிர்பார்க்கும் இடத்துக்குச் சற்று இடப்பக்கமாக அது முதலில் தோன்றும்படி நில்லுங்கள்.

என்ன லென்ஸ்?

முழு மதிலும் வேண்டுமா, பெரிய சூரியன் வேண்டுமா என்று முதலில் முடிவெடுங்கள். 60 மீற்றர் விலகி நின்றால் 30 மீற்றர் மதில் 70 மில்லிமீற்றர் லென்ஸில் படச் சட்டம் முழுக்க நிரம்பும். 50இல் இரண்டு பக்கமும் மூச்சுவிட இடம் இருக்கும். 24இல் வானம் பெரிதாகி, கோட்டை கீழே ஒரு கீற்றாகும். முகில் நல்லாக இருந்தால் மாத்திரம் 24.

முழுப் பிரேம் கமெராவில் 24 மில்லிமீற்றர் லென்ஸில் சூரியன் சட்ட உயரத்தில் 109இல் ஒரு பங்கு. 200இல் 13இல் ஒரு பங்கு. 400இல் ஆறரையில் ஒரு பங்கு. பெரிய செந்தட்டு வேண்டுமென்றால் நீண்ட லென்ஸோடு தூரப் போக வேண்டும், வேறு வழி இல்லை. ஆண்டிலேயே சூரியன் பூமிக்கு மிகத் தொலைவில் நிற்பது ஜூலைத் தொடக்கத்தில், ஆகவே ஆனியில் அது சற்றுச் சிறிதாகத்தான் தெரியும். கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நீண்ட லென்ஸோடு ஒளியியல் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கவே வேண்டாம். செம்மையாக இருந்தாலும் வேண்டாம். பின் திரையில் பாருங்கள். வட்டம் வெளியே வந்து சில நிமிடத்தில் லென்ஸை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

கமெராவை எப்படி அமைப்பது?

மனுவல், கமெரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் றோ பைல், வெள்ளைச் சமநிலை 5500 கெல்வின். தானியங்கிச் சமநிலையில் விட்டால் கமெரா செம்மையைப் பிழை என்று நினைத்துக் கழித்துவிடும். போக்கஸை மதில் விளிம்பில் ரோச் லைற் அடித்துப் பூட்டி, பிறகு மனுவலுக்கு மாற்றுங்கள்.

தொடக்க எண்கள் இவை. முகிலையும் புழுதியையும் பொறுத்து ஒன்றிரண்டு ஸ்டொப் மாறும் (ஒரு ஸ்டொப் என்பது ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது), கமெரா காட்டும் ஒளி வரைபடமான ஹிஸ்டகிராமைப் பார்த்துத் திருத்துங்கள்.

5.28: ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1 செக்கன். மதில் கறுத்து, வானம் நீலமும் செம்மஞ்சளும்.
5.40: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, கால் செக்கன்.
5.51: ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/125. வட்டம் ஏற ஏற 1/500 வரை போங்கள்.

நட்சத்திரக் கதிர் வேண்டுமென்றால் எஃப் 16, சூரியன் கல் விளிம்பில் பாதி மறைந்த நிலை. எஃப் 22க்குப் போனால் கதிர் கூடும், ஆனால் படம் முழுக்க மென்மையாகிவிடும்.

மதிலின் கல்லும் தெரிய வேண்டும், வானமும் எரியக்கூடாது என்றால் ஒரே சட்டத்தில் முடியாது. இரண்டு ஸ்டொப் இடைவெளியில் மூன்று அல்லது ஐந்து படங்களை அடுத்தடுத்து எடுத்துப் பிறகு சேருங்கள். சூரியன் இரண்டே கால் நிமிடத்தில் தன் அகலம் நகர்வதால் ஐந்து படமும் சில செக்கன்களுக்குள் முடிய வேண்டும். இடையில் நின்று பார்த்தீர்களென்றால் சேர்க்கும்போது இரண்டு சூரியன் வரும்.

போன் மாத்திரம்தான் இருக்கிறது. போகலாமா?

போங்கள். போனின் பிரதான லென்ஸ் 24 மில்லிமீற்றர் அளவில் இருப்பதால் சூரியன் சிறு புள்ளியாகும். அதனால் சூரியனை மறந்து, சூரியன் வருவதற்கு முந்திய கால் மணித்தியாலத்தை எடுங்கள். மதிலின் கறுத்த வடிவமும் நிறமும் போனுக்குத் தோதானவை. வானத்தில் விரலை அழுத்திப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். வெளிச்சத்தையும் இருட்டையும் தானே சமன் செய்யும் எச்டிஆரை நிறுத்துங்கள், இல்லையென்றால் கறுப்பாக நிற்க வேண்டிய மதிலை அது சாம்பலாகத் தூக்கிவிடும். இலக்கமுறைச் சூம் வேண்டாம். மூன்று செக்கன் டைமர். லென்ஸைச் சட்டையில் இல்லை, சுத்தமான பருத்தித் துணியில் துடையுங்கள். கைவிரல் எண்ணெய் பட்ட கண்ணாடியில் சூரியன் வந்ததும் நீளக் கோடு விழும்.

சூரியனைப் பார்த்து எடுப்பது மாத்திரம்தானா?

இல்லை. எங்களுக்கு இதுதான் மிகப் பிடித்த பகுதி. உதித்து ஐந்து நிமிடத்தில் சூரியனுக்கு முதுகைக் காட்டுங்கள்.

பூநகரிக் கோட்டையின் கல் முருகைக்கல், கடலில் வளர்ந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு கல்லில் மூளை மடிப்புப் போன்ற வளைந்த வாய்க்கால்கள் ஓடும். பக்கத்துக் கல்லில் ஊசிமுனை அளவில் நெருங்கிய கண்கள், ஒவ்வொன்றும் நடுவிலிருந்து விரியும் நட்சத்திரம். இடையில் சுண்ணச்சாந்து, அதற்குள் சிக்கிய சிப்பித் துண்டு. மதியத்தில் இவையெல்லாம் ஒரே சாம்பல் பரப்பு. ஆனி விடியலில் வடக்கு முகத்தில் ஒளி 24 பாகைச் சாய்வில் உரசுவதால், ஒரு சென்ரிமீற்றர் மேடு இரண்டே கால் சென்ரிமீற்றர் நிழல் போடும். ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் ஒரு பக்கம் பொன், ஒரு பக்கம் இருட்டு.

இதற்கு 50 முதல் 100 மில்லிமீற்றர் லென்ஸ், எஃப் 8, கமெராவைச் சுவருக்குச் சமாந்தரமாகப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் ஒரு ஓரம் போக்கஸை விட்டுப் போகும். உங்கள் நிழல் உங்களுக்கு முன் 19 மடங்கு நீளத்தில் விழும் நேரம் அது, சூரியன் 3 பாகையில் நிற்கும்போது. ஆளுயரம் ஒன்றரை மீற்றர் என்றாலும் நிழல் 28 மீற்றர். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று எடுத்தால் நிழல் சட்டத்துக்குள் வராது. 6.05 முதல் 6.20 வரை, அவ்வளவுதான்.

முகில் மூடியிருந்தால் திரும்பிப் போய்விடலாமா?

எந்த முகில் என்று பாருங்கள். உயரத்தில் பஞ்சுக் கீற்றுப்போல மெல்லிய முகில் என்றால் அதுவே வரம். சூரியன் வருமுன் 15 முதல் 8 நிமிடம் வரை அது அடியிலிருந்து சிவக்கும், பிறகு மங்கும். சூரியனுக்காகக் காத்து அந்த ஏழு நிமிடத்தை விடுகிறவர்கள்தான் அதிகம். கிழக்கில் மட்டும் தாழ்ந்த கறுப்புப் பட்டை என்றால் விரல் கணக்கில் உயரத்தை அளந்து காத்திருங்கள். முழு வானமும் தடித்த சாம்பல் என்றால் சுவர்க் கல்லைக் கிட்ட எடுங்கள், அடுத்த நாள் வாருங்கள்.

சோளகக் காற்று என்ன செய்யும்?

ஆனியில் இதுதான் பெரிய தொல்லை. கலபோகம் என்னும் பெரும்போகத்தில் மொட்டைக்கறுப்பன் நெல் விளைந்த பூநகரி வயல்கள் அந்த மாதத்தில் வெறும் தாளடி, மாட்டுக் குளம்பு பட்ட மண் மாவாகக் கிடக்கும். சோளகம் தென்மேற்கிலிருந்து அதைத் தூக்கி வரும். கிழக்கைப் பார்த்து நிற்கும் உங்களுக்கு அது முதுகுப் பக்கம் என்பது ஓர் ஆறுதல். ட்ரைபொட்டின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம், கால்களைத் தாழ்த்தி அகட்டி, ஒரு காலைக் காற்று போகும் பக்கம் வையுங்கள். பையை நடுவில் தொங்கவிடும்போது அடிப்பாகம் நிலத்தில் தொட வேண்டும், ஆடும் பை கமெராவையும் ஆட்டும். கழுத்துப் பட்டியைக் கழற்றுங்கள். நீண்ட லென்ஸில் 1/250க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் லென்ஸ் மாற்ற வேண்டாம். புழுதி சென்சரில் விழுந்தால் எஃப் 16இல் வானம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பைக்குள் கமெராவைக் கவிழ்த்துப் பிடித்து மாற்றுங்கள்.

இன்னொன்று, ஏசி. குளிர்ந்த அறையிலோ வாகனத்திலோ இருந்த கமெராவை வெளியே எடுத்தவுடன் கண்ணாடியில் நீர் படியும், கால் மணித்தியாலம் போகாது. துடைத்தாலும் திரும்பப் படியும். இரவே பையை ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள். வரும் வழியில் கடைசி அரை மணித்தியாலம் வாகன யன்னலைத் திறந்துவிட்டு வாருங்கள்.

அல்லிராணிக் கோட்டையில் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் அணுகுமுறை வேறு. அரிப்புக் கடற்கரையில், சிலாவத்துறைக்கு வடக்கே நிற்கும் இந்தச் செங்கல் இடிபாட்டை ஊரவர் அல்லிராணியோடு சேர்த்துச் சொல்வார்கள். கட்டியவர் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த், 1801 முதல் 1804 வரை, முத்துக்குளிப்பை மேற்பார்க்கத் தங்குமிடமாக.

கடல் மேற்கே இருக்கிறது. கீழே மணலில் இறங்கி, இடிபாட்டுக்குப் பின்னால் உதயம் வரும் என்று காத்திருப்பது பலர் செய்யும் பிழை. உங்கள் கண்மட்டத்துக்கு மேலே 8 மீற்றர் உயரம், 40 மீற்றர் தூரம் என்று வையுங்கள். அது 11 பாகை. 50 நிமிடம் பிந்தி, 6.43க்குத்தான் சூரியன் தலை காட்டும். நிறம் எல்லாம் போயிருக்கும். மாறாக, தரைப் பக்கம் கிழக்கே நின்று சூரியனை முதுகில் வாங்குங்கள். சாந்து உதிர்ந்த செங்கல் 5.58 முதல் தணல் நிறத்தில் நிற்கும், பின்னால் கடல் கருநீலம். ஆனிப் பூரணையை ஒட்டிய காலையில் சந்திரன் அதே நேரம் தென்மேற்கே கடலில் இறங்கும். இரண்டும் ஒரே சட்டத்தில் கிடைக்கும் காலை அது.

கரை அரிபட்டுக்கொண்டே வருகிறது. விளிம்பில் நிற்க வேண்டாம், அடியில் மண் இல்லாமல் இருக்கலாம். கடல் உப்புத் தூவானம் லென்ஸில் படியும், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி, பிறகு துடையுங்கள். நேரே துடைத்தால் உப்பு கண்ணாடியைக் கீறும். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபொட் கால்களைக் கழற்றிக் கழுவுங்கள்.

அனுமதி வேண்டுமா? ட்ரோன்?

சொந்தப் படத்துக்குக் கையில் கமெராவோடு போவது வேறு, கலியாண அல்பம், விளம்பரம், படப்பிடிப்பு வேறு. பின்னவற்றுக்குத் தொல்பொருள் திணைக்களத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி எடுங்கள். காவலாளி நின்றால் இருட்டில் உள்ளே போகுமுன் சொல்லுங்கள், முதல் நாட் பின்னேரமே அறிமுகமாகி நேரத்தைக் கேட்டு வைத்தால் இன்னும் நல்லது.

ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் பதிவும் பறப்பதற்கான அனுமதியும் வேண்டும். படைமுகாம்கள் இருக்கும் பகுதி என்பதால் அனுமதியில்லாமல் எழுப்பினால் கருவியும் போய் நாளும் போய்விடும். முகாம், சோதனைச்சாவடி, படையினர் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம்.

மதிலில் ஏற வேண்டாம். முருகைக்கல் பார்வைக்கு உறுதி, விளிம்பில் பொருமிப் போயிருக்கும். உங்கள் காலுக்கும் ஆபத்து, ஒரு கல் விழுந்தால் அதைத் திரும்ப வைக்கவும் முடியாது.

இருட்டில் நடப்பது பாதுகாப்பா?

பழகிய ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்காவிட்டால். பூநகரி கடும் சண்டை நடந்த இடம். கண்ணிவெடி இருப்பதைச் சொல்லும் மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகையோ, எல்லை கட்டிய நாடாவோ கண்டால் அந்தப் பக்கம் ஓர் அடியும் வைக்க வேண்டாம், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புங்கள். நல்ல கோணத்துக்காகப் பற்றைக்குள் பின்வாங்கி நடப்பதுதான் படம் எடுப்பவர்களின் வழக்கம், இங்கே அந்தப் பழக்கம் உதவாது. இரும்புத் துண்டு எதையும் கையால் தொடாமல் பொலிஸின் 119க்கு அறிவியுங்கள்.

கற்குவியலில் புடையன், சுருட்டை என்னும் நச்சுப் பாம்புகள் இருக்கும். கணுக்கால் மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, கையில் ரோச் லைற். கல்லிடுக்கில் கையை ஊன்ற வேண்டாம், பையைத் திறந்தபடி நிலத்தில் வைக்க வேண்டாம். கடிபட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், ஆளை நடக்கவிடாமல் 1990 அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தனியாகப் போகாமல் இருவராகப் போவது இதற்காகத்தான்.

வழியில் போரில் இடிந்த வீடுகள் நிற்கின்றன. உதய ஒளியில் அவற்றை எடுக்கலாமா?

அவை பழம் இடிபாடுகள் இல்லை. கூரை போன ஒவ்வொரு வீட்டுக்கும் உரித்தாளர் இருக்கிறார், பல இடங்களில் அதே வளவில் கொட்டில் போட்டு வாழ்கிறார். வேலியைத் தாண்டுமுன் கூப்பிட்டுக் கேளுங்கள். வீட்டுக்கார அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சம்மதித்தால் அந்தப் படத்தை அவருக்கும் அச்சடித்துக் கொடுங்கள். சுவரின் முன் ஆளை நிறுத்திச் சோடனைப் படம் எடுக்கும் இடம் அது அல்ல.

வீட்டுக்கு வந்து படத்தைத் திருத்தும்போது?

கொஞ்சமாக. நிழலை அளவுக்கு மிஞ்சித் தூக்கினால் மதில் பிளாஸ்ரிக் போலாகும். புழுதிக் காலை என்றால் ஒளி இருள் வேறுபாட்டை (கொன்ராஸ்ட்) சற்றுக் கூட்டுங்கள், நிறச் செறிவைத் தொடாதீர்கள், செம்மை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. வேறொரு படத்தின் பெரிய சூரியனை வெட்டி 24 மில்லிமீற்றர் படத்தில் ஒட்டினால் தெரிந்தவர் கண் உடனே பிடித்துவிடும், 109இல் ஒரு பங்குக் கணக்கு அங்கே உதைக்கும். படத்தோடு திகதி, நேரம், நின்ற இடம், பார்த்த பாகை நான்கையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆனிக்கு அதே இடத்தில் நிற்கவும், அந்த வெடிப்பு ஓராண்டில் எவ்வளவு அகன்றது என்று ஒப்பிடவும் அந்த நான்கும் வேண்டும்.